மச்சில் கிடந்த துப்பாக்கிக்கு வயது என்ன?

நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை வரை, எல்லையை ஒட்டிய ஊர்களில் ஒரு பழைய வீட்டைப் பாகம் பிரிக்கும்போது மச்சிலிருந்து ஒரு துப்பாக்கி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வீட்டுக்குள்ளேயே மூன்று பதில்கள் கிடைக்கும். திருவிதாங்கூரின் தளவாய் வேலுத்தம்பியின் படையில் இருந்தது என்பார் ஒருவர். மகாராஜா கொடுத்தது என்பார் இன்னொருவர். பர்மாச் சண்டைக்குப் போன பெரியப்பா கொண்டுவந்தது என்பார் மூன்றாமவர்.

மூன்று கதைக்கும் இந்த மண்ணில் இடம் உண்டு. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட அவர்களின் அதிகாரி டி லன்னாயைத் தன் படைத்தலைவராக்கிக்கொண்டார். துப்பாக்கி ஏந்திய காலாட்படைக்கு டி லன்னாய் பயிற்சி கொடுத்தார். இதே சாலையில் தெற்கே போனால் புலியூர்க்குறிச்சியில் வரும் உதயகிரிக் கோட்டையில்தான் அவருடைய கல்லறை இருக்கிறது. 1809-இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணை உடைத்து உள்ளே வந்தபோது வேலுத்தம்பியின் ஆட்களிடமும் துப்பாக்கிகள் இருந்தன. நாயர் படையணி திருவிதாங்கூரின் கடைசி நாள்வரை இருந்து, சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்கும் இந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் போனார்கள்.

ஆனால் ஒரே துப்பாக்கி மூன்று கதைக்கும் பொருந்தாது. எது உண்மை என்று சொல்லக்கூடிய சாட்சி துப்பாக்கியின் உடம்பிலேயே இருக்கிறது. அந்தச் சாட்சியை எப்படிப் படிக்கிறார்கள், ஒரு படிப்பு இன்னொன்றை எப்படிச் சரிபார்க்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. விலையும் அதிலிருந்துதான் வருகிறது.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. கிடைத்த துப்பாக்கியை ‘காலி’ என்று நம்பிக் கையாளக் கூடாது. வாய்வழி மருந்திடும் பழைய துப்பாக்கிகள் சில, மருந்தும் குண்டும் உள்ளேயே இருக்க மச்சில் ஏறியவை. கோயில் திருவிழாவில் கதினாவில் இடிக்கிறார்களே, அதே கருமருந்துதான்: வெடியுப்பு, கரி, கந்தகம். ஈரம் படாமல் இருந்தால் நூறாண்டு கழிந்தும் தீப்பிடிக்கும். குழலுக்குள் கம்பியை விட்டு, அது எவ்வளவு தூரம் போகிறது என்று வெளியே வைத்து ஒப்பிட்டால் அடியில் ஏதாவது அடைத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். இதை உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியோ காவல்துறையின் ஆயுதப் பிரிவோ செய்யட்டும். உரிமக்காரர் இறந்துவிட்டால் அவருடைய ஆயுதத்தைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதி. ஆராய்ச்சியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் பார்ப்பது பூட்டை, அதாவது நெருப்பு எப்படிப் பற்றுகிறது என்பதை. வேலுத்தம்பி காலத்துத் துப்பாக்கியில் குதிரை என்ற சுத்தியின் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல் செருகியிருக்கும். அது எஃகுத் தகட்டில் உரசிப் பொறி பறக்க, பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்தில் மருந்து பற்றி, ஓட்டை வழியே தீ உள்ளே போகும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கல் போய், பாதரசச் சேர்மம் பூசிய குட்டிச் செப்புத் தொப்பி வந்தது. குதிரை அதன் தலையில் அடித்தால் வெடிக்கும். அதன்பின் மருந்தும் குண்டும் தொப்பியும் பித்தளைக் கூட்டில் ஒன்றாகி, தோட்டாவாகப் பின்பக்கமாக நுழைந்தன. பின்பக்கம் திறக்கும் போல்ட் உள்ள துப்பாக்கியைக் காட்டி ‘தளவாய் காலத்தது’ என்றால், நூலகத்துக்குப் போகாமலே அந்தக் கதையை ஒதுக்கிவிடலாம். எதிர்த்திசையில் இது அவ்வளவு உறுதியில்லை. கல் பூட்டு உள்ள துப்பாக்கிகள் கிராமங்களில் வேட்டைக்கும் காவலுக்கும் நெடுங்காலம் புழங்கின. கல் பூட்டைத் தொப்பிப் பூட்டாக மாற்றியதும் உண்டு. பூட்டு சொல்வது, ‘இதற்கு முன்னால் பிறந்திருக்க முடியாது’ என்பதை மட்டுமே.

அடுத்தது குழலின் உள்ளே. உள்ளே வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தால், வாய்வழி மருந்திடும் பழைய மஸ்கட்டின் குழல் வழவழப்பாக இருக்கும். கம்பெனிச் சிப்பாய்கள் பிடித்த பிரவுன் பெஸ் மஸ்கட்டின் துளை ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். குண்டு அதைவிடச் சிறியது, உருண்டை. உள்சுவரில் தட்டித் தட்டி வெளியே வரும் குண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது. ரைஃபிள் என்பது இதற்கு வந்த மருந்து. குழலின் உள்சுவரில் நீளவாக்கில் முறுக்கிக்கொண்டு போகும் பள்ளங்களை வெட்டுகிறார்கள். இவற்றைச் சுருள்வரி என்று சொல்லலாம். ஈயம் அந்த வரிகளில் பதிந்து, சுழன்றபடி வெளியேறுகிறது. சுழலும் பொருள் தன் அச்சின் திசையை எளிதில் விடாது. அதனால் கூர்முனைக் குண்டு காற்றில் குட்டிக்கரணம் போடாமல் முன்னோக்கியே பறக்கும்.

இந்த வரிகளை எண்ணினாலே வகை பாதி தெரிந்துவிடும். 1853-ஆம் ஆண்டு என்ஃபீல்டில் மூன்று வரிகள். கொழுப்புத் தடவிய அதன் தோட்டாதான் 1857 எழுச்சிக்குத் தீப்பொறி ஆனது. 1871-இல் வந்த மார்ட்டினி-ஹென்றியில் ஏழு. 1888-இல் வந்த லீ-மெட்ஃபோர்டிலும் ஏழுதான்; ஆனால் அவை ஆழம் குறைந்தவை, விளிம்பு மழுங்கியவை. கருமருந்தின் கரி அண்டாமல் துடைக்க வசதியாக அப்படிச் செய்தார்கள். செய்து முடித்த சில ஆண்டுகளில் மருந்தே மாறிவிட்டது. நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் சேர்ந்த, புகை குறைந்த கார்டைட் வந்தது. அதன் வெப்பம் அந்த மென்மையான வரிகளை வேகமாகத் தின்றது. ஆகவே 1895-இல் வரிகளை ஐந்தாகக் குறைத்து ஆழமாக, சதுர விளிம்போடு வெட்டினார்கள். துப்பாக்கியின் பெயரும் லீ-என்ஃபீல்டு ஆனது. ஐந்து வரி, இடப்பக்க முறுக்கு, பத்து அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. மருந்தின் வேதியியல் மாறியதும் இரும்பின் வடிவம் மாறிய கதையை, ஒரு குழலுக்குள் எட்டிப் பார்த்தே படிக்க முடிகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நம் ஊர்களில் எல்லாரும் ‘திரீ நாட் திரீ’ என்று சொல்வது இந்த லீ-என்ஃபீல்டைத்தான். காவலர் தோளில் பார்த்திருப்போம், என்.சி.சி. அணிவகுப்பில் தூக்கியும் இருப்போம். 0.303 அங்குலம், அதாவது 7.7 மில்லிமீட்டர், அதன் துளை விட்டம். வரிகளை வெட்டுவதற்கு முந்திய அளவு அது. குண்டு வரிகளில் பதிய வேண்டும் என்பதால் அதன் விட்டம் சற்றே கூடுதல், கிட்டத்தட்ட 7.9. இரும்பு ஸ்கேலை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு ‘இது 303 இல்லை’ என்று முடிவு கட்டக் கூடாது.

அப்படி மேலோட்டமாக முடிவு கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் இங்கேயே இருக்கிறது. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையிலுள்ள இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை ராணுவத்துக்கு 303 செய்தது. ஏறக்குறைய அதே உடம்பும் அதே போல்ட்டும் கொண்டு பொதுமக்களுக்கு .315 என்ற வேட்டை ரைஃபிளும் இந்தியாவில் செய்யப்பட்டது. அதே 303 உடம்பில் வரியில்லாக் குழலைப் பொருத்தி, காவல் பணிக்கென்று .410 மஸ்கட்டும் வந்தது. மூன்றையும் தள்ளி வைத்துப் பார்த்தால் ஒரே சாயல். ராணுவக் கிடங்கிலிருந்து திருடிய தோட்டா ஊராரின் துப்பாக்கியில் நுழையக் கூடாது என்பதே காலனி அரசின் கணக்கு. அதற்காகத்தான் .315-க்கு ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் பழைய மான்லிக்கர் தோட்டாவைத் தேர்ந்தார்கள். 303-இன் பித்தளைக் கூடு 56 மில்லிமீட்டர் நீளம்; .315-இன் கூடு 50. இந்த ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம் இன்றைக்கும் சட்டத்தில் இரண்டு தனி உலகம். ராணுவத் தோட்டாவை ஏற்கும் 303-உம் .410 மஸ்கட்டும் பொதுமக்களுக்குக் கட்டுப்படுத்தப்பட்ட வகை. .315 சாதாரண உரிமத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய வகை.

ஆகவே தோட்டா அமரும் அறையைச் சரியாக அளக்க வேண்டும். அது உள்ளே ஒடுங்கி ஒடுங்கிப் போகும் குகை, அளவுகோல் நுழையாது. ஆயுத வல்லுநர்கள் அதை வார்ப்பெடுக்கிறார்கள். பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் கலந்த ஒரு உலோகக் கலவை, தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்குக் கீழேயே உருகிவிடும். அதை அறைக்குள் ஊற்றி உறைய விடுகிறார்கள். பெரும்பாலான உலோகங்கள் உறையும்போது சுருங்கும், பிஸ்மத் விரியும். இரண்டு குணமும் கலந்திருப்பதால் வார்ப்பு முதலில் லேசாகச் சுருங்கி எளிதாகக் கழன்று வரும். ஒரு மணி நேரம் போல ஆனதும் மெல்ல விரிந்து அறையின் உண்மையான அளவுக்கு வந்துவிடும். பிறகு மேசையில் வைத்து அளக்கலாம். உள்ளே இருக்கும் வெற்றிடத்தையே கையில் எடுத்துப் பார்க்கிற வித்தை இது.

இனி முத்திரைகள். லீ-என்ஃபீல்டில் போல்ட் கைப்பிடிக்குக் கீழே, கட்டையும் இரும்பும் சேரும் கழுத்தில் வலப்பக்கம் பாருங்கள். மேலே கிரீடம், அதன்கீழ் அரசரின் பெயரெழுத்து, பிறகு தொழிற்சாலை, ஆண்டு, மாடல். வி.ஆர். என்றால் விக்டோரியா, அவர் 1901 ஜனவரியில் இறந்தார். இ.ஆர். ஏழாம் எட்வர்டு, 1910 வரை. ஜி.ஆர். ஐந்தாம் ஜார்ஜும் ஆறாம் ஜார்ஜும். இச்சாப்பூரில் செய்தவற்றில் ஜி.ஆர்.ஐ. என்று இருக்கும், கடைசி எழுத்து பேரரசரைக் குறிக்கும். குடியரசுக் காலத்தில் கிரீடம் போய் அசோகரின் சிங்கங்கள் வந்தன. தொழிற்சாலையின் பெயர் ஆர்.எஃப்.ஐ. என்று சுருங்கியது. வி.ஆர். என்று பொறித்து அதன்கீழ் 1909 என்றும் இருந்தால் அது போலி. வடமேற்கு எல்லையில், தர்ரா ஆதம் கேல் போன்ற இடங்களில், கைவினைஞர்கள் அச்சு அசலாகச் செய்த பிரதிகளில் இப்படிப்பட்ட பிழைகள் உண்டு; ஆங்கிலம் தெரியாதவர் பார்த்து வெட்டியதால் எழுத்து இடவலமாகத் திரும்பியும் நிற்கும்.

கம்பெனிக் காலத்து மஸ்கட்டென்றால் பூட்டுத் தகட்டில் இதய வடிவம் ஒன்றைத் தேட வேண்டும். அதைக் கோடுகளால் பிரித்து, கட்டத்துக்கு ஒன்றாகக் கம்பெனியின் பெயரெழுத்துகளை வைத்திருப்பார்கள். மேலே 4 என்ற எண்ணைப் போன்ற ஒரு குறி. பிந்தைய பூட்டுகளில் முன்காலைத் தூக்கி நிற்கும் சிங்கம். அந்த இதயம் இருந்தால் துப்பாக்கி கம்பெனியுடையது என்று சொல்லலாம். அது திருவிதாங்கூர் படையின் கைக்கு வந்ததா, எப்போது வந்தது என்பதை அது சொல்லாது. அதற்குத் திருவனந்தபுரத்தில் கேரள ஆவணக் காப்பகத்திலுள்ள சமஸ்தானக் கோப்புகளைத்தான் புரட்ட வேண்டும்.

மேல்நோக்கிய அகன்ற அம்பு அரசு உடைமை என்பதன் அடையாளம். அம்பின் கீழ் ஐ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இந்திய அரசு. ராணுவத் துப்பாக்கி சிப்பாயின் சொத்தாக ஒருநாளும் இருந்ததில்லை. படையை விட்டு விலகும்போது எண்ணைச் சரிபார்த்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். முறைப்படி விற்றுக் கழித்த துப்பாக்கி என்றால், இரண்டு அம்புகள் தலையோடு தலை முட்டும் முத்திரையை அடிப்பது வழக்கம். பர்மாவிலிருந்து பெரியப்பா கொண்டுவந்தார் என்ற கதை இந்த இடத்தில்தான் இடறும். முட்டும் அம்புகளும் இல்லாமல் உரிமத்தாளும் இல்லாமல் ஒரு 303 மச்சில் இருந்தால், அது எப்படி அங்கே வந்தது என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. டி.பி. என்ற எழுத்துகள் பயிற்சிக்கு மட்டுமானது என்பதைக் குறிக்கும். சுடத் தகுதியற்றது என்று ஒதுக்கப்பட்ட துப்பாக்கி.

ஆண்டைப் படித்ததும் வேலை முடிந்ததாக நினைப்பது பலரும் செய்யும் அவசரம். கழுத்திலுள்ள ஆண்டு அந்த உடற்பகுதி பிறந்த ஆண்டு மட்டுமே. குழல் தேய்ந்தால் மாற்றுவார்கள். புதுக் குழலில் அதன் ஆண்டு தனியே இருக்கும். தொழிற்சாலையில் பழுதுபார்த்தால் எஃப்.ஆர். என்ற முத்திரையும் ஓர் ஆண்டும் ஏறும். 1917-இன் உடலில் 1940-களின் குழலும், விடுதலைக்குப் பின் மாற்றிய கட்டையும் சேர்ந்திருப்பது அபூர்வமல்ல. எனவே வரிசை எண்ணை எல்லா இடத்திலும் தேட வேண்டும்: உடலில், குழலில், போல்ட் கைப்பிடியின் பின்னால், குறிபார்க்கும் தகட்டின் அடியில், முன்மூக்கில். எல்லாம் ஒரே எண் என்றால் அந்தத் துப்பாக்கி பிறந்தபடியே இருக்கிறது. சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுப்பது இதற்குத்தான். போல்ட்டின் எண் மாறியிருந்தால் விலை மட்டும் பாதிக்கப்படுவதில்லை; போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி அந்தந்த உடலுக்குப் பொருத்திச் செய்தது. அது கூடிப்போனால் சுடும்போது பித்தளைக் கூடு கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்துக்கே திரும்பும்.

எண்ணை யாரோ அரத்தால் ராவி அழித்திருந்தால்? தடயவியல் ஆய்வகங்களுக்குப் பழக்கமான கேள்வி இது. இப்படி நினைத்துப் பாருங்கள்: மழைக்காலத்தில் மண்முற்றத்தில் ஒருவர் அழுந்த மிதித்துவிட்டுப் போகிறார். காய்ந்ததும் மண்வெட்டியால் மேலே செதுக்கிச் சமமாக்கிவிடுகிறோம், தடம் போய்விட்டது. ஆனால் பாதத்துக்குக் கீழேயுள்ள மண் இறுகிப்போனது போகவில்லை. மறுபடி தண்ணீர் தெளித்தால் அந்த இடம் மட்டும் சுற்றுமண்ணைப் போல உறிஞ்சாது. ஈரத்தில் பாதத்தின் உருவம் எழும். எஃகிலும் இதேதான் நடக்கிறது. எண் அச்சைச் சுத்தியலால் அடித்து இறக்கும்போது, எழுத்தின் பள்ளத்துக்குக் கீழே இன்னும் ஆழம்வரை இரும்பின் படிகங்கள் நசுங்கி, அணுக்களின் ஒழுங்கான அடுக்கு கலைகிறது. கலைந்த அடுக்கில் அழுத்த ஆற்றல் தேங்கி நிற்கும். அமிலம் அதைச் சீக்கிரம் கரைக்கும். பரப்பை மெருகேற்றிவிட்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செம்புக் குளோரைடைக் கரைத்த ஃப்ரை கரைசலைப் பஞ்சில் தொட்டு ஒற்றினால், நசுங்கிய இடமும் நசுங்காத இடமும் வேறு வேறு நிறமாகி எண் மெல்லத் தெரியவரும். சில நிமிடத்தில் மங்கிவிடவும் கூடும். அதனால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டுதான் தொடங்குவார்கள். மிக ஆழமாக ராவியிருந்தால் நசுங்கிய அடுக்கே போயிருக்கும். அப்போது எதுவும் எழாது. இதை நீதிமன்றத்துக்கான சாட்சியமாக ஆய்வகம்தான் செய்ய வேண்டும். வீட்டில் அமிலத்தோடு முயன்றால் மிச்சமிருக்கும் சாட்சியும் போகும்.

அமிலம் வேண்டாம், ஆனால் உப்புத்தாளும் அதே அளவு கொடியது. பழைய துப்பாக்கியைப் பார்த்ததும் தேய்த்து மினுக்கக் கை துடிப்பதைத் தயவுசெய்து அடக்குங்கள். இரும்பில் இரண்டு விதமான துரு இருக்கிறது. செந்துரு பொருமியது, ஈரத்தை உள்ளே இழுத்து மேலும் அரிக்கும். தொழிற்சாலையில் வேண்டுமென்றே ஏற்றிய கருநீல மேற்பூச்சோ, இரும்பின் கருப்பு ஆக்சைடு. அது நெருக்கமாக ஒட்டி, எண்ணெயைப் பிடித்துவைத்து, உலோகத்தைக் காக்கிறது. தேய்க்கும்போது இரண்டும் சேர்ந்தே போகின்றன. முத்திரைகளின் விளிம்பும் மழுங்குகிறது. கட்டையை இழைத்து வார்னிஷ் அடித்தால் மரத்தில் குத்திய பரிசோதகர் முத்திரைகள் மறையும். பூவார் கடற்காற்றும் இடவப்பாதி மழையும் துலாவர்ஷ மழையும் நூறாண்டில் செய்யாத சேதத்தை ஒரு மத்தியானத்தில் செய்துவிடலாம். மென்மையான துணியும் துளி கனிம எண்ணெயும் போதும். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது காறிப்போகும்போது அமிலம் பிறக்கிறது.

குழலுக்குள் இருக்கும் குழிகளுக்குக் காரணம் நம் ஊர் ஈரம் மட்டுமல்ல. பழைய தோட்டாக்களின் தொப்பியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். சமையல் உப்பின் நெருங்கிய உறவு, காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் அது கரையாது, தண்ணீரில் கரையும். அதனால்தான் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் குழலில் கொதிநீர் ஊற்றினார்கள். உள்ளே அரித்துக் குழிந்த குழல், அதிகம் சுட்டதையும் சரியாகக் கழுவாததையும் சேர்த்தே காட்டும்.

விலைக்கு வருவோம். பழசென்றால் விலையுயர்ந்தது என்பது சரியல்ல. லீ-என்ஃபீல்டு எல்லா வகையும் சேர்த்து ஒரு கோடிக்கும் மேல் செய்யப்பட்டது. நேபாள ராணுவத்தின் பழைய கிடங்கொன்றிலிருந்து 2003-இல் பல்லாயிரம் பிரவுன் பெஸ், மார்ட்டினி வகைகள் ஒரே மூச்சில் அமெரிக்கச் சந்தைக்குப் போயின. அவை அபூர்வம் என்ற பேச்சு அதோடு மாறியது. வெளிநாட்டு ஏலப் பட்டியலைப் பார்த்து ரூபாயில் பெருக்குவதும் வீண். நூறாண்டு கடந்த பொருள் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. இங்கே உள்ளூரிலோ, 303-ஐ வாங்கும் உரிமை மிகச் சிலருக்கே. கடைத்தெருவில் அதற்கு விலையே இல்லை என்பதுதான் நடைமுறை. என் கணக்கில் இப்படிப்பட்ட துப்பாக்கியின் மதிப்பு, முத்திரைகளும் எண்களும் குடும்பத்தின் காகிதங்களும் ஒன்றையொன்று உறுதி செய்வதில் இருக்கிறது. திருவிதாங்கூர் காலத்து ஒரு உரிமத்தாள், அதிலுள்ள எண், குழலிலுள்ள எண், மூன்றும் பொருந்தினால் அருங்காட்சியகத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பழுதுபார்த்தும் சுட முடியாத, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதங்களுக்கு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. 2020-இல் வந்த திருத்தம், அரும்பொருள் வகையில் சேரும் சிறு ஆயுதத்தை வைத்திருக்க இந்தியக் குடிமகனுக்கு உரிமம் தேவையில்லை, ஆனால் பயன்படுத்தவும் எடுத்துச் செல்லவும் தேவை என்கிறது. உங்களுடையது அந்த வகைதானா என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. மேலே சொன்ன அளவுகளும் முத்திரைகளும் எழுத்தில் வந்தபின் அதிகாரி முடிவு செய்வார். சுடக்கூடிய .315 என்றால் 2016 ஆயுத விதிகளின்படி வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

இந்த ஊர்களுக்கு மட்டும் இதில் ஒரு கூடுதல் சிக்கல். மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்ட 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே குடும்பத்தின் வீடுகள் இரண்டு மாநிலமாயின. பாறசாலையில் இறந்த தாத்தாவின் துப்பாக்கிக்கு வாரிசு களியக்காவிளையில் இருக்கிறார் என்றால், அவர் விண்ணப்பிக்க வேண்டியது நாகர்கோவிலிலுள்ள கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியரிடம். உரிமம் கைக்கு வரும்வரை துப்பாக்கி கேரளத்தில் ஒப்படைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். எல்லையைத் தாண்டுவது நடக்கிற தூரம்தானே என்று சாக்கில் சுற்றி எடுத்துப் போனால் அது உரிமமில்லா ஆயுதக் கடத்தல். ஒப்படைக்கும்போது ரசீதில் ‘பழைய துப்பாக்கி ஒன்று’ என்று எழுதவிட்டுத் திரும்பாதீர்கள். எல்லா முத்திரையையும் எண்ணையும் படமெடுத்து, அந்த எண்களை ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.